எட்டு ஃபேக்டோரியல் = மைனஸ் 25216

கம்ப்யூட்டர் லேபுக்குள் போவதற்கு முன் செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இதுதான் முதல் பாடம். மறந்துவிடக் கூடாதே என்று கதவில் ஏ4 தாளில் அச்சடித்தும் ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஏசி குளிர். ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் ஆனாலும் மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கும். பேசக் கூடாது, பென் டிரைவ் சொருகக் கூடாது, பின்னால் இருக்கும் ஒயரைத் தொடவே கூடாது. சுருக்கமாகச் சொன்னால் கருவறை.

சரி, இவ்வளவு பயபக்தியோடு உள்ளே போனால் மூலவர் யார்? நீல நிறத்தில் ஒரு திரை, உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெனு, மவுஸை அசைத்தால் கட்டம் கட்டமாகத் தாவும் ஒரு கர்சர். டர்போ சி++. உலகம் எங்கெங்கோ போய்விட்டது. கைபேசி முகத்தைப் பார்த்துத் திறக்கிறது, பெட்டிக்கடையில் கடலை மிட்டாய்க்கு க்யூஆர் கோடு தொங்குகிறது, கேட்டால் கவிதை எழுதிக் கொடுக்கிற இயந்திரம் எல்லோர் கையிலும் இருக்கிறது. பல லேப்களில் மட்டும் இன்னமும் அதே நீலத் திரை. ஆல்ட் எஃப்9 கம்பைல், கன்ட்ரோல் எஃப்9 ரன்.

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பேர், ஒரே பெஞ்சு

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் அணுபுரம் இருக்கிறது. பெயரே சொல்லிவிடும். அணுசக்தித் துறை ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு. வரிசை வரிசையாக வீடுகள், மரங்கள், அணுசக்தித் துறை நடத்தும் மத்தியப் பள்ளிக்கூடம். வேலியைத் தாண்டினால் வயல், ஏரி, கிராமங்கள், அவற்றுக்கான அரசுப் பள்ளிகள்.

ஒரு கற்பனைக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி குடியிருப்புக்குள் வளர்ந்தவள். சிபிஎஸ்இ. வீட்டில் அப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ கம்ப்யூட்டரில் ஏதாவது கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பவர். இன்னொருவன் வேலிக்கு வெளியே, திருக்கழுக்குன்றம் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். அவன் தொட்ட முதல் கம்ப்யூட்டர் பள்ளி லேபில் இருந்தது.

பள்ளியைப் பொறுத்தவரை இந்த இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி கடந்த சில ஆண்டுகளில் நிஜமாகவே குறைந்திருக்கிறது. சிபிஎஸ்இ 2010களில் பைத்தானை அனுமதித்து, பிறகு பழைய சி++ஐ அடியோடு கைவிட்டது. மாநிலப் பாடத்திட்டம் ரொம்ப காலம் தூங்கியது உண்மை. ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருளை ஆரக்கிள் நிறுவனம் 2011-லேயே ஊற்றி மூடிவிட்டது. நம் பிளஸ் டூ மாணவர்களோ 2019 மார்ச் வரை அதன் மெனுவில் எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்து பொதுத்தேர்வு எழுதினார்கள். செத்துப் போனவருக்கு எட்டு வருடம் ஜாதகம் பார்த்த கதை. ஆனால் திருந்தினார்கள். 2018-ல் பிளஸ் ஒன் புத்தகம் மாறியது, டர்போவை விட்டு டெவ் சி++ வந்தது. 2019-ல் பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. லட்சக்கணக்கான மாணவர்களையும் ஆயிரக்கணக்கான பள்ளிகளையும் வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கமே அசைந்து கொடுத்துவிட்டது.

ஆக, இருவரும் பள்ளியில் பைத்தான் படித்துவிட்டு ஒரே பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். முதல் செமஸ்டரில் மறுபடியும் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2017 ஒழுங்குமுறையில் அப்படித்தான் வைத்திருந்தது. அடுத்த செமஸ்டர் சி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் நீலத் திரை.

சி லேபில் மாரியாத்தா மாதிரி தவறாமல் எழுந்தருளும் பயிற்சி ஒன்று உண்டு. ஃபேக்டோரியல். ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். 5 கொடுத்தால் 120. 7 கொடுத்தால் 5040. பையன் ஆர்வக்கோளாறில் 8 கொடுக்கிறான். திரையில் வருகிறது: மைனஸ் 25216.

ஒன்றிலிருந்து எட்டு வரை பெருக்கினால் மைனஸ் எப்படி வரும்? எல்லாமே பாசிட்டிவ் எண்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது தப்பு என்று. பையன் கையைத் தூக்குகிறான். பதில் வருகிறது: "ஏழு வரைக்கும் மட்டும் குடுப்பா. எக்ஸ்டர்னல் கேட்டாலும் அஞ்சு குடுத்துக் காட்டு."

கை இறங்குகிறது. அன்றோடு அந்தக் கை அவ்வளவு சீக்கிரம் மேலே போகாது. இந்தக் கட்டுரையின் வழக்கு மொத்தமும் இந்த ஒரு நிமிடத்தின் மீதுதான்.

மைனஸ் எங்கிருந்து வந்தது?

சொல்லிக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. டர்போ சி++ பிறந்த காலத்தில் கம்ப்யூட்டர் 16 பிட். அதில் ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2 பைட். 16 பிட்டில் மொத்தம் 65536 வெவ்வேறு மதிப்புகளைத்தான் வைக்க முடியும். அதில் பாதி மைனஸுக்குப் போய்விடும். ஆக மைனஸ் 32768-லிருந்து பிளஸ் 32767 வரை. அவ்வளவுதான் பாத்திரத்தின் கொள்ளளவு.

8 ஃபேக்டோரியலின் உண்மையான விடை 40320. பாத்திரம் கொள்ளாது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 என்று காட்டும் இல்லையா, அதேபோல் எண் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. 40320-லிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள். மைனஸ் 25216. மாயமும் இல்லை மந்திரமும் இல்லை.

இதைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது. 9 கொடுத்தால் மைனஸ் 30336. சரி, மைனஸ் இருப்பதால் தப்பு என்று தெரிந்துவிடும். 10 கொடுத்தால்? 24320. மைனஸ் இல்லை, பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது. உண்மையான விடை 36,28,800. ரெக்கார்டு நோட்டில் 24320 என்று அழகாக எழுதி, கட்டம் போட்டு, கையெழுத்தும் வாங்கிவிடலாம். தப்பு என்று முகத்தில் எழுதியிருக்கும் விடை ஆபத்தில்லை. சரி மாதிரியே இருக்கும் தப்பு விடைதான் ஆளைக் கொல்லும்.

மிகையாகத் தோன்றுகிறதா? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 நொடியில் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. காரணம், ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் பாத்திரத்தில் ஊற்றப் பார்த்ததுதான். அந்த நிரல் புதிதாக எழுதியதும் இல்லை. ஏரியன் 4 ராக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்த பழைய நிரலை அப்படியே எடுத்துப் போட்டார்கள். புது ராக்கெட் பழையதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, எண் கொள்ளளவைத் தாண்டியது. "இத்தனை நாள் ஒழுங்காத்தானே ஓடிச்சு" என்கிற வாசகத்துக்கு உலகம் கொடுத்த விலைகளில் இது ஒன்று.

இதை அணுபுரத்தில் வைத்துப் பேசுவதற்கும் காரணம் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் கல்பாக்கம். திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் சோதனை வேக ஈனுலை 1985-ல் அங்கேதான் இயங்க ஆரம்பித்தது. அந்த ஊரில் எண்கள் விளையாட்டுச் சாமான் இல்லை. இந்த அளவு வெப்பத்துக்கு இந்த அளவு ஓட்டம் என்று யாரோ கணக்குப் போட்டு, அதை இன்னொருவர் சரிபார்த்து, "இந்த விடை நம்பத்தகுந்ததா?" என்று மூன்றாவது ஒருவர் சந்தேகப்பட்டால்தான் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் போய்ச் சேரும் கல்லூரியில், சந்தேகம் கேட்பவனுக்கு ஏழு வரை கொடுக்கச் சொல்லிப் பதில் வந்தால் எப்படி?

மூலவரின் தல வரலாறு

டர்போவைத் திட்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. நியாயமாகப் பேச வேண்டும். போர்லாண்ட் நிறுவனம் 1987-ல் டர்போ சி-யையும் 1990-ல் டர்போ சி++ஐயும் வெளியிட்டபோது அது ஒரு அதிசயம். எழுதுவது, கம்பைல் செய்வது, பிழை திருத்துவது எல்லாம் ஒரே திரையில். ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் விளக்கம் வரும், உதாரணத்தோடு. இன்டர்நெட் இல்லாத காலத்தில், 640 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கி, இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தது அதுதான். அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால் வருடத்தைப் பாருங்கள். நம் லேப்களில் குடியிருக்கும் 3.0 பதிப்பு 1991-ல் வந்தது. அதே 1991-ல்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் லினக்ஸை வெளியிட்டார். அதே 1991-ல்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் அனுபம் என்ற பெயரில் இணைக்கணினிகளை உருவாக்க ஆரம்பித்தது. மூன்றும் ஒரு வயதுப் பிள்ளைகள். அனுபம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து லினக்ஸில் ஓட ஆரம்பித்தது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஐந்நூறுமே லினக்ஸ்தான். மூன்றாவது பிள்ளை மட்டும் வளரவில்லை. வளராத பிள்ளையை வருடா வருடம் முதல் வகுப்பில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளை அதன் உயரத்துக்குக் குனியச் சொல்கிறோம்.

டர்போ தெரிந்த சி++, தரப்படுத்தப்படாத சி++. மொழிக்கு உலகத் தரம் வந்ததே 1998-ல். அதனால்தான் அங்கே ஐஓஸ்ட்ரீம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு எச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிரலை இன்றைய ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தால் முதல் வரியிலேயே அப்படி ஒரு கோப்பு கிடையாது என்று திருப்பி அனுப்பும். பூல் என்ற அடிப்படை வகையே டர்போவுக்குத் தெரியாது. கோனியோ என்ற கோப்பு, திரையைத் துடைக்கும் கட்டளை, கடைசியில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச், இவை எதுவும் சி மொழியின் தரத்தில் இல்லாதவை, டாஸ் காலத்துச் சரக்கு. வாய்ட் மெயின் என்று ஆரம்பிப்பதும் தரப்படி சரியில்லை, இன்ட் மெயின் என்றுதான் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் மொழியின் இலக்கணம் என்று நம்பி நான்கு வருடம் கழித்து வெளியே வரும் பிள்ளைகள் உண்டு.

உச்சகட்டக் காமெடி இனிமேல்தான். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடாது. லேபில் புது மெஷின் வாங்கியாகிவிட்டது, டர்போ ஓடவில்லை. மாறிவிடலாம் என்று யாருக்காவது தோன்றியதா? மூச்! டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார்கள். பழைய டாஸ் கேம்களை விளையாட ஆசைப்பட்டவர்கள் 2002-ல் வெளியிட்ட போலிப் பொட்டி அது. பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய புது மெஷின், தன்னை ஒரு 1990-ஆம் வருடத்துப் பொட்டியாகப் பாவித்துக்கொள்ள, அதற்குள் டர்போ ஓடும். புல்லட் ரயிலைக் கூட்ஸ் வண்டி வேகத்தில் ஓட்டுவதற்காகத் தனியாக ஒரு பெட்டி செய்து மாட்டிய மாதிரி.

சிலபஸ் மேல் பழி போடாதீர்கள்

"சிலபஸ்ல இருக்கு, என்ன பண்றது?" என்பார்கள். சிலபஸில் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் லேப் பாடத்திட்டங்களை எடுத்துப் பாருங்கள். தேவை: சி கம்பைலர். எந்த கம்பைலர் என்று சொல்லவே இல்லை. 2008 ஒழுங்குமுறையில் முதலாண்டு மாணவர்களுக்கு யூனிக்ஸ் கட்டளைகள், ஷெல் நிரல்கள், யூனிக்ஸில் சி என்றே ஒரு லேப் இருந்தது. உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் போதும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. உள்ளே வர மறுத்தது லேப்தான்.

அடுத்து வரும் நான்கு சால்ஜாப்புகளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஒன்று: "அடிப்படை எதில் படித்தாலும் அடிப்படைதான்." பாதி உண்மை. லூப், அர்ரே, பாயிண்டர் எல்லாம் எங்கும் ஒன்றுதான். அப்படியானால் புதியதில் படித்தாலும் அடிப்படைதானே? பழையதில்தான் படிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மேலும், ஒரு முழு எண் எத்தனை பைட் என்ற கேள்விக்கு 2 என்று எழுதினால்தான் மார்க் என்றால் அது அடிப்படையா, மூடநம்பிக்கையா? இன்றைய கம்பைலர்களில் பெரும்பாலும் 4. சரியான விடை, மெஷினையும் கம்பைலரையும் பொறுத்தது என்பதே. அதை எழுதுகிறவனுக்குச் சுழி.

இரண்டு: "எக்ஸ்டர்னல் ஒத்துக்க மாட்டார்." எக்ஸ்டர்னல் வானத்திலிருந்து குதிப்பவர் இல்லை. பக்கத்துக் கல்லூரி ஆசிரியர். அவர் கல்லூரியில் போய்க் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார். எல்லோரும் எல்லோரையும் கைகாட்ட, நடுவில் யாரும் இல்லை.

மூன்று: "காசு இல்லை, மெஷின் பழசு." ஜிசிசி 1987-லிருந்து இலவசம். லினக்ஸ் இலவசம். மெஷின் பழசானால்தான் லினக்ஸ் இன்னும் வசதி. இதில் காசு எங்கே வந்தது?

நான்கு: "கம்பெனியில சேர்ந்தா அவங்களே டிரெயினிங் குடுப்பாங்க." இதுதான் மிகக் கொடுமையான ஜல்லி. சிறுசேரியில் சொல்லிக் கொடுப்பார்கள் என்றால் அதற்கு முன் நான்கு வருடம் எதற்கு, ஃபீஸ் எதற்கு? அந்த கம்பெனி வாசலைத் தாண்டுவதற்கு ஒரு கோடிங் டெஸ்ட் இருக்கிறது. அது நீலத் திரையில் நடப்பதில்லை.

ஆசிரியர்களைத் திட்டி ஆவது ஒன்றுமில்லை. அவர்களும் இதே நீலத் திரையில் படித்து வந்தவர்கள். அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பது, ஃபைல் தயாரிப்பது, அக்ரெடிட்டேஷன் கமிட்டிக்குக் கோலம் போடுவது என்று அவர்கள் ஆணி பிடுங்குவது தனிக்கதை. லேப் மேனுவலை மாற்றி எழுத ஒரு வாரம் யார் கொடுத்தார்கள்? ஆனால் அந்த ஒரு வாரத்தைக் கொடுக்காததற்கு விலையை மாணவன் தருகிறான்.

திருக்கழுக்குன்றம் மலைக்கு ஒரு காலத்தில் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வரும், பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார், ஊரே கூடி நின்று பார்க்கும். 1990களின் கடைசியோடு அந்தக் கழுகுகள் வருவது நின்றுபோனது. கழுகு வராததை ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. லேப்களில்தான் இன்னும் பொங்கலை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.

யாருக்கு நஷ்டம்?

மறுபடியும் அந்த பெஞ்சுக்கு வாருங்கள். மைனஸ் 25216 இருவர் திரையிலும் வந்தது. அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் கேட்பாள். அப்பா ஒரு பேப்பரை எடுத்து 16 கட்டம் போட்டுக் காட்டுவார். பத்து நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிடும், கூடவே ஒரு ரகசியமும் புரிந்துவிடும்: மெஷின் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை, அதைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

அவன் வீட்டில் கேட்க ஆள் இல்லை. அவனுக்குக் கல்லூரிதான் அப்பா, லேப்தான் சாப்பாட்டு மேஜை. அங்கே கேட்டதற்கு வந்த பதில், ஏழு வரைக்கும் கொடு. அவன் கற்றுக்கொண்டது ஃபேக்டோரியல் இல்லை. கம்ப்யூட்டர் நமக்குப் புரியாத சாமி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மந்திரத்தை அப்படியே சொல்லி, பிரசாதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதைத்தான் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடம் குறைத்துக் கொடுத்த இடைவெளியைக் கல்லூரி லேப் மறுபடி அகலப்படுத்துகிறது.

ரெக்கார்டு நோட்டு என்ற சடங்கு இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஸ்டெப் 1, ஸ்டார்ட். கடைசி ஸ்டெப், ஸ்டாப். கோடு போட்ட பக்கத்தில் நிரல், கோடு போடாத பக்கத்தில் பென்சிலால் அவுட்புட். சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர், அந்த ஜூனியர் நோட்டைப் பார்த்து அடுத்த ஜூனியர். கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் லேப் முடிந்துவிடும். அதில் தப்பாக எழுதினால் திட்டு. தப்பு ஏன் வந்தது என்று கண்டுபிடித்து எழுத ஒரு பக்கம் கூட கிடையாது. நிரல் எழுதுவது என்பதே பாதி நேரம் தப்பைத் தேடுவதுதான் என்று சொல்ல ஆள் இல்லை.

இத்தனைக்கும் அரசாங்கம் பொட்டியையே கையில் கொடுத்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. ஆன் செய்தால் இரண்டு வாசல். இரண்டாவது வாசலுக்குள் ஓர் உலகமே இலவசமாகக் காத்துக்கொண்டிருந்தது. எத்தனை கல்லூரிகள் அந்த வாசலைத் திறந்து காட்டின? பிள்ளைகள் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் சேர்த்து வைத்தார்கள், லேபில் சொன்னபடி டாஸ்பாக்ஸும் டர்போவும் போட்டுக்கொண்டார்கள். 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது. பொட்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். திறந்து காட்டாவிட்டால் அது வெறும் பொட்டிதான்.

என்னதான் செய்வது?

கம்பைலரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஜிசிசி-க்குப் போனாலும் 13 ஃபேக்டோரியலில் இதே விபத்து காத்திருக்கிறது. 32 பிட் பாத்திரம், விடை 622 கோடிக்கு மேல். வருவது 1932053504 என்ற தப்பு. பார்க்க நல்ல பிள்ளை மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், இந்த மாதிரி வழிதலைக் கண்டுபிடித்துச் சொல்லு என்று ஜிசிசி-யிடம் கேட்டால் அது ஓடும்போதே எச்சரிக்கும். டர்போவிடம் கேட்கவே வழியில்லை.

அதனால் முதல் வேண்டுகோள் ஆசிரியர்களுக்கு. நீலத் திரையை இன்றைக்கே தூக்க முடியாவிட்டால் பரவாயில்லை. மைனஸ் 25216 வரும்போது கரும்பலகைக்குப் போங்கள். அந்த ஐந்து நிமிடம் மொத்த செமஸ்டருக்குச் சமம். சொல்லப்போனால் அந்தப் பழைய பொட்டி கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பாடமே அதுதான். அதையும் கொடுக்காமல் பொட்டியை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது எந்த விதத்தில் நியாயம்?

இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு. ஒரே ஒரு வரி போதும்: தரப்படி எழுதப்பட்ட நிரலை எந்த கம்பைலரில் ஓட்டிக் காட்டினாலும் செய்முறைத் தேர்வில் ஏற்க வேண்டும். எக்ஸ்டர்னல் பூச்சாண்டி அன்றோடு ஒழியும்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. காத்திருக்காதீர்கள். லேப் மேனுவலில் இருக்கும் நிரல்களை ஜிசிசி-க்கு மாற்ற பெரும்பாலும் நாலு வரிகள்தான் திருத்த வேண்டும். கோனியோவை எடுங்கள், கெட்ச்சை எடுங்கள், வாய்டை இன்ட் ஆக்குங்கள். லேப்டாப் இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனிலேயே டெர்மக்ஸ் போட்டு சி கம்பைல் செய்யலாம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் சி, சி++ பாடங்கள் லினக்ஸில், ஜிசிசி-யில், தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளையும் மின்னூல்களையும் கொடுத்திருக்கிறது. ஆங்கிலம் தடை என்று சொல்லித் தள்ளிப் போட இனிமேல் முடியாது.

அடுத்த லேப் அன்று ஒன்று செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றுங்கள், அதில் தப்பில்லை, தரை சுத்தமாக இருக்கும். உள்ளே போய் 5 கொடுக்காமல் 8 கொடுங்கள். பிறகு 10 கொடுங்கள். 24320 வரும்போது பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கையைத் தூக்குங்கள். ஏழு வரைக்கும் கொடு என்று பதில் வந்தால், கையை இறக்காதீர்கள்.

கொசுறு: பிளஸ் டூ பைத்தானில் 100 ஃபேக்டோரியல் கேட்டுப் பாருங்கள். 158 இலக்கத்தில், ஒரு இலக்கம் பிசகாமல் விடை கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளைத்தான் ஏழோடு நிறுத்தச் சொல்கிறோம் :-)